ஆரோக்கியம் டீச்சரின் ஆறாவது விடை

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்பாடு சொல்லவைத்துக்கொண்டிருந்தேன். மேகமலை எஸ்டேட்டின் கங்காணி ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். வாரம் ஒருமுறை சின்னமனூருக்குச் சாமான் எடுக்க இறங்குபவர். அன்று இன்னும் நாலு மைல் நடந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தார்.

"இங்கன ஆரோக்கியம் டீச்சருக்கு வேண்டியவுக யாரும்மா?"

"நான்தான். என்ன சங்கதி?"

"டீச்சரம்மா போயிட்டாக. எட்டு நாளாக் குளிர்காய்ச்சல். உலகச் சண்டையினால கொயினா மாத்திரையும் கெடைக்கல. டோலி கட்டிக் கீழ எறக்குவோம்னு சொன்னோம். இன்னிக்கு வேணாம் நாளைக்கு வேணாம்னு தட்டிக்கிட்டே வந்தாக. முந்தாநாத்து லயத்து வீடுகளுக்கு மேற்க அடக்கம் பண்ணிட்டோம்."

பிள்ளைகள் ஏழாம் வாய்பாட்டை முடித்து எட்டாம் வாய்பாட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இனி அவரிடம் கேட்க முடியாதே என்ற பதைப்புத்தான் முதலில் வந்தது. அவரிடம் கேட்க ஒரு கேள்வி எனக்கு மூன்று ஆண்டுகளாக இருந்தது. அதற்கு மூன்று விதமான பதில்களையும் அவரிடமிருந்து பெற்றிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். ஆரோக்கியம் டீச்சர் எங்கள் மிஷன் பெண்கள் பள்ளியில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் காயெடுப்புக் காலத்தில் அவருடைய தாயார் குமுளிக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விடுவாராம். மகளும் கூடவே போய்க் காய் எடுத்திருக்கிறார். மழை நின்றதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பார். அப்படியே எட்டாம் வகுப்பு வரை வந்து தேறி, படித்த பள்ளியிலேயே ஆசிரியையானார். பயிற்சிச் சான்றிதழ் மட்டும் இல்லை.

நான் அதே பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. எனக்கும் சான்றிதழ் இல்லை. நான் வயலும் வீடும் உள்ள குடும்பத்தில் பிறந்தவள், அதிகம் பேசாதவள். கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். டீச்சர் என்னைவிட பதினோரு வயது மூத்தவர். வந்த இரண்டாம் நாளே என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, "ஏத்தா, இம்புட்டுத்தான் திம்பியா? அதான் பேச்சே வரமாட்டேங்குது" என்றார்.

அந்த ஆண்டு, பயிற்சி பெறாதவர்களை இனி வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. மதுரையில் உள்ள பயிற்சிப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. அதில் கணக்குக்கும் பொது அறிவுக்கும் டீச்சர் அஞ்சியதில்லை. வாசிப்புத் தாள்தான் அவரைக் கவிழ்த்தது. ஒரு பக்க அளவில் ஒரு பத்தி, அதன்கீழ்ப் பத்து வினாக்கள். மாகாணம் முழுவதற்கும் ஒரே தாள். அதில் அவர் இரண்டு முறை தவறியிருந்தார். தேர்வு எழுத முப்பது வயதே வரம்பு என்பதால் மூன்றாம் முறைதான் கடைசி. அதிலும் தவறினால் வேலை போய்விடும்.

"எப்படித் தவறினீங்க?" என்று கேட்டேன்.

"மொத தடவ ஒரு ராசா கத. மந்திரி மேல ராசாவுக்கு ஏன் கோவம் வந்துச்சுன்னு கேட்டிருந்தாக. கோவம் வந்தது தப்புன்னு எழுதிட்டேன்."

"இரண்டாம் தடவை?"

"விடியக்காலம் எந்திரிக்கிறதுல ஆசிரியர் சொல்ற நன்ம ரெண்டு எழுதுகன்னு கேள்வி. நான் ஏழு எழுதுனேன். ஏழுல அவுகளோட ரெண்டும் இருந்திருக்குமில்ல?"

இல்லை. ஏழில் ஒன்றுகூட அந்த ஆசிரியருடையது அல்ல.

அப்படித்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். பள்ளி விட்டதும் மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த காலி வகுப்பறையில் ஒரு மணி நேரம். பயிற்சிக்கென்று புத்தகம் ஏதும் கிடையாது. கடையில் பருப்பு மடித்து வந்த காகிதம், விதை விற்பவரின் துண்டறிக்கை, எங்கள் மாதா கோவிலில் கொடுக்கும் மாதப் பத்திரிகை என்று கையில் அகப்பட்டதை எடுத்து நான் பத்து வினாக்கள் எழுதுவேன். அவர் விடை எழுதுவார்.

முதல் சிக்கல் வாயில் இருந்தது. எதையும் கோவிலில் வேதாகம நிருபம் வாசிப்பதுபோல் உரக்கத்தான் அவரால் வாசிக்க முடிந்தது.

"மனசுக்குள்ள வாசிங்க அக்கா. பரீட்ச மண்டபத்துல சத்தம் போட்டா வெளிய அனுப்பிருவாக."

"வாய மூடிட்டு வாசிச்சா யாருக்குக் கேக்கும்?"

"உங்களுக்கு."

"எனக்கா? நான் எப்பத் தாயி நான் சொல்றதக் கேட்டேன்?"

உதடு அசையாமல் வாசிக்கப் பழக அவருக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. வெற்றிலை போடாதவர், அதற்காக வாயில் ஒரு புளியங்கொட்டையை அடக்கிக்கொண்டு வாசிப்பார்.

அடுத்தது விடையைப் பத்திக்குள்ளேயே தேடுவது. ஒவ்வொரு விடைக்கும் அது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியில் விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தேன். விரல் வைக்க இடமில்லை என்றால், எவ்வளவு நல்ல விடையானாலும் அடித்துவிட வேண்டும். இது அவருக்குப் பிடித்துப்போனது. அவருடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் விரல் வைக்கத் தொடங்கினார்கள். "சாமியார் பிரசங்கத்துலயும் வெரல் வச்சுப் பாத்தேன். பாதிக்கு எடமே இல்ல" என்று ஒரு திங்கட்கிழமை என் காதில் சொன்னார். தை முடிவதற்குள் பத்துக்கு ஒன்பது, சில நாள் பத்துக்குப் பத்தும் எடுத்தார்.

பங்குனியில் இருவரும், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏற மாட்டேன் என்று நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். டீச்சர் மேட்டில் நடந்தபடியே, பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த எச்சரிக்கையை வாசித்து என்னிடம் இரண்டு வினாக்கள் கேட்டார். ஒன்றுக்கு நான் தவறாகச் சொன்னேன். அவருக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

வாசிப்புத் தாளைத் திருப்பியபோது பத்தி ஏலக்காயைப் பற்றி இருந்தது. மேலைமலைகளின் மழை, செடியின் உயரம், அடியிலிருந்து படரும் காய்க்கொத்து என்று அழகான நடை. ஆறாம் வினா: ஏலக்காயை எப்போது பறிக்க வேண்டும்? பத்தியில் தெளிவாகவே இருந்தது. 'செடியிலேயே நன்கு பழுத்த பின் பறித்த காயே மணம் மிக்கது.' நான் விரலை வைத்தேன். 'நன்கு பழுத்த பின்' என்று எழுதினேன். ஏலக்காயைப் பாயசத்தில் அன்றி வேறெங்கும் நான் கண்டதில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் டீச்சர் எனக்கு முன்பே வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"ஆறாவது கேள்வி பாத்தியா தாயி? பழுத்தப்பறம் பறிக்கணுமாம்ல! பழமா எடுத்தா காயப் போடுறப்ப வெடிச்சுப்போகும். எங்காத்தா பழத்த எடுத்துட்டு மேஸ்திரிகிட்ட வாங்குன வசவு இன்னும் காதுல கெடக்கு. பழுக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துரணும்."

"நீங்க என்ன எழுதுனீக?"

"அதத்தான் எழுதுனேன். பத்தி எழுதுனவுக தோட்டம் பாத்ததில்ல போலன்னும் ஒரு வரி சேத்தேன்."

"அக்கா! விரல் வச்சுப் பாக்கலையா?"

"வச்சேனே. அந்த வரியிலதான் வச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எழுதிப்புட்டேன் தாயி. விடு."

ஏன் அப்படி எழுதினார் என்ற என் கேள்விக்கு இதுவே அவர் தந்த முதல் பதில்.

முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்தது. அவருக்கு வாசிப்புத் தாளில் தேற இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது. ஆறாம் வினாவுக்கு இரண்டு மதிப்பெண். மீண்டும் கேட்டேன். அப்போது அவர் சிரிக்கவில்லை. "கை தப்பிருச்சு. பழைய நெனப்புல வெரலு சொன்னத மறந்துட்டேன்" என்றார். பள்ளியை விட்டு அவர் போனபோது சின்னமனூர் வரை உடன் போனேன். மேகமலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆள் தேடினார்கள். அங்கே சான்றிதழ் கேட்கவில்லை. மூட்டையைத் தலைச்சுமைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவராகவே சொன்னார்: "தாளத் திருத்துறவுக ஒருத்தராச்சும் தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான் எழுதுனேன். மார்க்குப் போகும்னு தெரியும்."

மறந்துபோனாரா, தெரிந்தே எழுதினாரா? இரண்டாம் பதில் உண்மையானால் அது ஒரு கைத்தவறு. மூன்றாம் பதில் உண்மையானால், தன் வேலையைக் கொடுத்து இரண்டு வரி எழுதிவிட்டு வந்தவர் அவர். ஊரில் சிலர் திமிர் என்றார்கள், சிலர் வெகுளி என்றார்கள். மதுரையில் இருந்த இரண்டு ஆண்டுகளும் நான் இதை யோசித்தேன். 'நன்கு பழுத்த பின்' என்று எழுதிய கையால்தான் அங்கே பாடக்குறிப்பு எழுதினேன்.

நான் பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பின் அவர் இரண்டு முறை மலையிறங்கி என்னைப் பார்க்க வந்தார். காய்ச்சலில் உடம்பு பாதியாகியிருந்தது. லயத்துப் பிள்ளைகளில் ஐந்து பேர் வாய் அசையாமல் வாசிக்கிறார்கள் என்று பெருமையோடு சொன்னார். தேர்வைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் இறந்த செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிறு, கோவிலில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். பிறகு பள்ளியில் கூடியபோது என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. 'பொய்யான ஒரு வரியை எழுத மனம் ஒப்பாமல் தம் இடத்தையே விட்டுக்கொடுத்தவர்' என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனம் லேசானது. அவரைப் புரிந்துகொண்டுவிட்டதாக ஐந்து நாட்கள் நம்பினேன்.

ஐந்தாம் நாள் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. எங்கள் பள்ளி முகவரி; ஆரோக்கியம் டீச்சரின் பெயர். உள்ளே நுழைவுத் தேர்வுக்கான அனுமதிச் சீட்டு. போர்க்காலத்தில் ஆசிரியைகள் போதாமல், இந்த ஆண்டு வயது வரம்பைத் தளர்த்தியிருந்தார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான்காம் முறையாக விண்ணப்பித்திருக்கிறார்.

அடுத்த வாரம் சின்னமனூருக்கு இறங்கிய கங்காணியைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "ஆமாம்மா. பங்குனியில மதுரைக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. இப்ப எறங்கி ஆசுபத்திரியில படுத்துட்டா அப்பப் போக லீவு தரமாட்டாகன்னுதான் டோலிய வேணாம்னாக."

பூசையன்று நான் சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. அந்த இடம் அவருக்கு வேண்டாததாக இருந்ததில்லை. உயிரைவிட மேலாக வேண்டியிருந்திருக்கிறது. அப்படியானால் அன்று அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே ஏன் வேறொன்றை எழுதினார்? இந்த முறை ஏலக்காய் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்?

பங்குனியில் எங்கள் பள்ளியில் படித்த இரண்டு பெண்களை அதே தேர்வுக்கு அழைத்துப் போனேன். நான்தான் அவர்களைத் தயார் செய்திருந்தேன். மண்டபத்தில் மணி அடிக்கும் முன்பே எல்லா மேசைகளிலும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் வரிசையில், ஜன்னலோரத்து மேசையில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, டீச்சர் பெயருக்கு வந்த சீட்டின் எண்ணோடு மேசை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன். அவருடைய இடம்தான். காற்றில் பறக்காமல் இருக்க அந்தத் தாளின்மேல் ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள். மணி அடித்ததும் மற்றவர்கள் தாளைத் திருப்பினார்கள். அரை மணி கழித்து மேற்பார்வையாளர் வந்து, கல்லை எடுத்து வைத்துவிட்டு, தாளைக் கொண்டுபோனார்.

வெளியே வந்த பெண்களிடம் பத்தி எதைப் பற்றி என்று கேட்டேன்.

"முத்துக் குளிக்கிறதப் பத்தி டீச்சர். சுலுவா இருந்துச்சு. பத்தும் எழுதிட்டோம்."

"அதில் சொல்லியிருந்தது சரியா?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்? நாங்க கடலையே பாத்ததில்லையே. வெரல் வச்சுத்தான எழுதச் சொன்னீக?"

ஆமாம், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இருவருக்கும் இடம் கிடைக்கும்.

ஆனால் அக்கா, அன்று அதே நேரத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஏதோ ஒரு மண்டபத்தில், முத்துக் குளிப்பவர் வீட்டுப் பெண் ஒருத்தி அந்தத் தாளைத் திருப்பியிருப்பாள். உதடு அசையாமல் வாசித்து, ஒரு வரியில் விரலை வைத்து, அங்கேயே நின்றிருப்பாள். அவள் எதை எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன், நீங்களும் நான்காவதாக ஒரு பதில் சொல்லியிருப்பீர்கள். போய் வாருங்கள்.