மூன்றாவது கட்டத்து அம்மா

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள் மீனாச்சி. மலாக்காவில், தலைமுறைகளாக மலாய் பேசி வாழும் தமிழ் வழிவந்த செட்டிகளின் ஊரான காஜா பெராங் செட்டிக் கம்பத்தில் அவளைப் பற்றி அப்படித்தான் பேச்சு. ஆனால் மெர்டேக்கா என்னும் மலாயாவின் சுதந்திர நாளுக்கு முந்தைய அந்த மாதத்தில் அவள் பிடித்த முயலுக்கு நான்கு காலும் இருந்தன. எண்ணத் தெரியாதவர்கள் மற்றவர்கள்தான்.

அவள் படித்த பள்ளியின் நாடகச் சங்கம் ஒரு சின்னப் படம் எடுக்கக் கிளம்பியிருந்தது. சுதந்திர நாள் விடிகிறது, ஒரு தாய் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகிறாள், அதுதான் தொடக்கம். சாவி முறுக்கி ஓட்டும் கேமராவை இரவல் வாங்கியாயிற்று. பிலிமோ ஒரே சுருள். வெட்டி ஒட்ட வசதி கிடையாது. எடுக்கிற வரிசையேதான் திரையில் ஓடும் வரிசை. அதனால் ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே தாளில் கட்டம் கட்டமாக வரைந்து வைக்க வேண்டும். அந்த வேலை, நன்றாக ஓவியம் வரையும் மீனாச்சி தலையில் விழுந்தது.

முதல் கட்டத்தில் மாவிலை கட்டிய அவள் வீட்டு நிலைவாசல். அடுத்ததில் படி தாண்டும் பாதம். மூன்றாவதில் அவள் அம்மா: இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி, கையில் பூத்தட்டு. படத்தில் தாயாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்ததும் அவள்தான்.

சங்கத் தலைவன் ஜெயபாலன் அதைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இது என்னா, மலாய்க்காரி மாதிரி? கோயிலுக்குப் போற தமிழ்ப் பொம்பள சேலையிலதானே இருக்கணும்?"

"எங்கம்மா இப்படித்தான் போவாங்க. எங்க கம்பத்துல எல்லாருமே இப்படித்தான்."

"வீட்டுல எப்படியோ இருங்க லா. படம் பாக்கிறவனுக்குப் புரிய வேணாமா? தமிழே பேசத் தெரியாத ஆளுங்க..." பாதியில் நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன, சொல்லியாயிற்றே!

மீனாச்சிக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் மலாய்தான். அவள் தமிழே பள்ளித் தோழிகளிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்தது. ஆனால் மாரியம்மனுக்கு விளக்கேற்ற அவள் வீட்டார் எந்தக் காலத்திலும் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. பென்சிலில் இருந்த கெபாயாவை ரப்பரால் அழித்து, மேலே சேலை வரைந்திருந்தான். முந்தானை எந்தத் தோளில் விழும் என்றுகூடத் தெரியாத பயல்! அவள் அழவில்லை. மைப்புட்டியைத் திறந்து, அந்தச் சேலையின் மேலேயே கறுப்பு மையால் கெபாயாவை வரைந்தாள். கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தாள்.

"இப்ப அழிச்சுப் பாரு."

படம் எடுக்கிற நாள் விடியும்போதே ஜெயபாலன் கூட்டாளிகளோடு வந்து மீனாச்சி வீட்டு வாசலில் நின்றான். ஒரு கையில் கேமரா, மறுகையில் அவன் அக்காவின் பட்டுச்சேலை. அம்மா பாவம், வந்த பிள்ளைகள் மனம் கோணக்கூடாது என்று சேலைக்குக் கை நீட்டிவிட்டாள். மீனாச்சி அம்மாவை உள்ளே இழுத்துக் கதவைப் படாரென்று சாத்தினாள். சன்னல் வழியாகத்தான் பேச்சு.

"முதக் காட்சி இந்த வாசல். இதை எடுக்காம அடுத்ததை எடுக்க முடியாது. கெபாயான்னா கதவு தொறக்கும். இல்லன்னா வேற வாசலைப் பாத்துக்குங்க!"

"ஏய், வெளையாடாதே! வெயில் ஏறுது!"

"ஏறட்டும்."

வேறு வீடு தேட நேரமில்லை. சாயங்காலம் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஜெயபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு சேலையை மடித்துப் பைக்குள் திணித்தான். கதவு திறந்தது.

பள்ளி மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டிப் படம் ஓட்டினார்கள். மீனாச்சி அம்மாவோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாவிலை வந்தது, பாதம் வந்தது, அம்மா வந்தாள்.

"யாருடா இது? மலாய்க்காரிய அம்மனுக்குப் பூ கொடுக்க அனுப்புனது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே கொல்லென்று சிரித்தது.

மீனாச்சி துள்ளி எழுந்தாள். "அது எங்கம்மா!" பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "அம்மனுக்கு அவங்கள நல்லாத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல!"

எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அம்மா மலாயில் கேட்டாள். மீனாச்சி எதையும் மறைக்காமல் சொன்னாள். அம்மா கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டு அவளும் எழுந்து நின்றாள். இருவர் நிழலும் திரையில் பெரிதாக விழுந்தது.

"உக்காருங்க, மறைக்குது!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

படம் முடியும்வரை இருவரும் உட்காரவில்லை.