பாதியில் திரும்பிய தட்டு

செல்வநாதன் அண்ணை இறந்துவிட்டதாக மொன்றியலுக்குப் பக்கத்து லவாலிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். பிரெஞ்சில் ஆரம்பித்தவள், அழுகை வந்ததும் தமிழுக்கு மாறிவிட்டாள். அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் அவருடைய பணிவைப் பற்றித்தான் பேசுவீர்கள். நான் அவருடைய பொல்லாத வாயைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய மொன்றியலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் நான் சமையல்காரன். புதுச்சேரிக்காரரான அவர் பரிமாறுபவர்களுக்குப் பொறுப்பு. எங்கள் முதலாளி, பிரான்சிலிருந்து வந்த செஃப், ஜப்பான் என்றால் உயிரை விடுவார். ஒருநாள் டோக்கியோவில் உணவகம் நடத்தும் ஜப்பானியர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். சமையல் பிடித்தால் செஃபைத் தன்னோடு அழைத்துப் போவதாகப் பேச்சு. செஃப் போனால் கடையை மூடிவிடுவார், எங்கள் வேலையும் போகும். என் மனைவி அப்போது பிள்ளைத்தாச்சி.

விருந்தாளியை மகிழ்விக்க நினைத்த செஃப் வெண்ணெயைத் தொடவே இல்லை. மீனைப் பச்சையாக, மெல்லிசாக வெட்டி, தெளிந்த சாறு ஊற்றி அனுப்பினார். தட்டு பாதியில் திரும்பி வந்தது. ஆனால் விருந்தாளி அருமை என்று சொன்னாராம். செஃபுக்கு முகமெல்லாம் சிரிப்பு. செல்வநாதன் அண்ணை மட்டும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, ஒண்டும் சொல்லாதேங்கோ. எங்கட பிழைப்பு," என்றேன் மெதுவாக.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கைகாட்டிச் செஃபிடம் பிரெஞ்சில் பேசினார். போன ஞாயிற்றுக்கிழமை இவன் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன், பனங்கிழங்கு மாவில் செய்யும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் கிடைக்கும் என்று ஆசையாகப் போனால், புதுச்சேரிக்காரன் ஆயிற்றே என்று இட்லியும் சாம்பாரும் வைத்தார்கள், நானும் அருமை என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரியும். அந்த மனிதர் உங்கள் வெண்ணெய்க்காக அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றும் சொன்னார்.

உப்புக் கூடிவிட்டது என்று சொன்ன ஒருவனைப் போன மாதம்தான் செஃப் துரத்தியிருந்தார். அவர் தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கவிழ்த்தார். பிறகு வெண்ணெயை எடுத்தார்.

இரண்டாவது தட்டை விருந்தாளி ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். இதே சமையலை டோக்கியோவுக்கு வந்து செய்யுங்கள் என்று கேட்டார். செஃபோ, அங்கே எனக்கு மீன் வெட்டச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். ஒருவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு மற்றவர் அலைந்தார், நடுவில் நாங்கள் அகப்பட்டோம். குளிர் தொடங்குமுன் கடை மூடப்பட்டது.

கடைசி நாளன்று, நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவரிடம் கத்திவிட்டேன். உங்கள் வேலையும்தானே போனது, தெரிந்துதான் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"தெரியும் தம்பி. நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, அருமைன்னு சொன்னவர் ஏன் கூப்பிடலன்னு நம்ம செஃப் ஆயுசுக்கும் யோசிச்சிட்டு இருந்திருப்பான்."

அந்தக் குளிர்காலம் கைக்குழந்தையோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. போக வேண்டாம், அது என்னிடமே இருக்கட்டும். இப்போது புரோசார்டில் எனக்கென்று ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் அருமை என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையா என்று கேட்க இனி எனக்கு ஆளில்லை.