கொழுப்புத் தட்டு

கோழியைச் சுடுவது பெரிய வித்தை இல்லை. அதிலிருந்து சொட்டுகிற கொழுப்போடு குடித்தனம் நடத்துவதுதான் கிரில் சிக்கன் தொழில். கடை வாசலில் கரி அடுப்பு வைத்து வெந்தவர்கள் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் நானும் என் மச்சினன் பாண்டியும் அப்படி ஒரு கடை போட்டோம்.

குடத்துத் தண்ணீர்

கம்பியில் சுற்றும் கோழிகளுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு இருக்கும். சொட்டுகிற கொழுப்பெல்லாம் அதில்தான் விழும். அதைத் தினமும் கழுவ வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் தட்டு வழிந்து கரியில் பட்டுத் தீப்பிடித்தது. தீ என்றால் தண்ணீர்தானே? ஒரு குடத்தை அப்படியே கவிழ்த்தேன். அடுத்த நொடி தீ கடை போர்டு வரைக்கும் எழும்பியது. என் புருவம் இரண்டும் போயின. கொழுப்பு எரிந்து தீர்ந்த பிறகுதான் தீ அடங்கியது.

மாடியில் குடியிருந்த கட்டடக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், இறங்கி வந்து கரி படிந்த சுவரைப் பார்த்தார். சத்தமே போடவில்லை. "தம்பி, இன்னொரு தடவ இப்படி எரிஞ்சா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

வடமதுரைக்காரர்

இரண்டு குடும்பம் அந்த அடுப்பை நம்பி இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் உறைந்த கொழுப்பைச் சுரண்டி, வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். சுரண்டியதை எங்கே கொட்டுவது? சாக்கடையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். வடமதுரையிலிருந்து கோழி வாங்க வரும் பெரியவர் ஒருவர் அதைத் தூக்குவாளியில் கேட்டு வாங்கிப்போக ஆரம்பித்தார். மாட்டுவண்டி அச்சுக்குப் போடுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நல்ல மனுஷன் என்று வீட்டில் சொல்லி மகிழ்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார். "போன வாட்டி குடுத்ததுல சோப்பு வாட அடிக்குதே அப்பு, கொழம்பு வெஞ்சனத்துக்கு ஊத்த முடியல."

அமாவாசைப் பூசணி

பாண்டிக்கு என் தேய்ப்பில் நம்பிக்கை இல்லை. முதல் தீ கண்திருஷ்டியால் வந்தது என்பது அவன் முடிவு. அமாவாசையன்று பூசணிக்காய் மேல் சூடம் ஏற்றிக் கடைக்குச் சுற்றிப்போட ஏற்பாடு செய்தான். அமாவாசைக்குக் கறி அதிகம் விற்காது என்று அன்று காலை நானும் தட்டைத் தொடவில்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டியதும் முந்தின நாள் கொழுப்பு உருகித் தளும்பியது. எடுத்துக் கொட்டப் போனேன், பாண்டி தடுத்தான். விளக்கு வைத்த நேரத்தில் எதையும் வெளியே கொட்டக்கூடாதாம். நானும் சரி என்று நின்றேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

மூன்றாவது சுற்றில் எரிகிற சூடம் வழுக்கி நேராகத் தட்டில் விழுந்தது. குப்பென்று எழுந்தது தீ. பக்கத்து வீட்டு வேலைக்குக் குவித்திருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன். அடங்கியது. நிமிர்ந்தால் மாடிப்படியில் டீச்சர். பாண்டி பூசணிக்காயை வயிற்றோடு அணைத்தபடி நின்றான். கெஞ்சலாம் என்று வாயெடுத்தேன். டீச்சர் முந்திக்கொண்டார். "திருஷ்டி கழிஞ்சிருச்சுல்ல தம்பி? இந்த மாசத்தோட நீங்களும் கெளம்பிருங்க."

தாடிக்கொம்பு ரோட்டில் புதுக்கடை திறந்த அன்று பாண்டி பூசணிக்காய் வாங்கப் போனான், நான் மணல் வாங்கப் போனேன்.