வரவுக்கு வைத்த கையெழுத்து

வாய்க்கால் கரையில் நின்ற மருதமரங்களை வெட்டுவதற்கு ஊர் சம்மதிக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினேன். அதன் பின்னால், சனங்கள் வேறொரு கூட்டத்துக்கு வந்ததற்காக வைத்த கையெழுத்துகளைச் சேர்த்துக் குத்திக் கொடுத்தேன். என்னை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்ரேப்ளரும் என்னுடையதுதான்.

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம், முரசுமோட்டையைத் தாண்டிப் போகும் வயல்வெளியில் இருக்கிறது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் பெற்றோர். வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வயல் இல்லை. எங்கள் வயல்களில் வேலை செய்வார்கள். இரண்டு பகுதிக்கும் நடுவில், வாய்க்கால் கரையில் ஏழு மருதமரங்கள் நின்றன. மத்தியானத்தில் அந்தப் பெண்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு அங்கேதான் ஏணை கட்டினார்கள்.

நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாட்களில் வயல்காரர்கள் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் செயலாளர். நெல்லை அதுவரை தெருவில்தான் காயவைத்தோம். சீமெந்தில் ஒரு உலர்தளம் கட்ட அனுமதி வந்தது. அதற்குப் பொருத்தமான பொதுக்காணி மரங்கள் நின்ற இடந்தான். மரங்களை வெட்டுவதென்றால் இரு கரைச் சனங்களின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டுமென்று பிரதேச செயலாளர் அலுவலகத்தில் கேட்டார்கள்.

அதற்கு முந்திய கிழமை, குடிதண்ணீர் வடிகட்டி சம்பந்தமாகப் பொதுநோக்கு மண்டபத்தில் இரு கரைச் சனங்களும் வந்த ஒரு கூட்டம் நடந்திருந்தது. எங்கள் ஊரில் எந்தக் கூட்டமென்றாலும் முதலில் வரவுத் தாள் சுற்றி வரும். சனங்கள் என்ன ஏதென்று பார்க்காமல் பெயரெழுதிக் கையெழுத்து வைப்பார்கள். அன்று மூன்று தாள்கள் நிரம்பின. கூட்டத்தின் பெயரை முதலாம் தாளில் மட்டும் எழுதியிருந்தேன். மற்ற இரண்டிலும் இலக்கமும் பெயரும் கையெழுத்தும்தான். அந்த இரண்டையும் எடுத்தேன்.

வாய்க்காலுக்கு அப்பால் உள்ளவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டோம் என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த மரங்களின் நிழல் என் வயலின் மேற்குத் துண்டில் விழும். அந்தத் துண்டில் நெல் ஒழுங்காக முற்றுவதில்லை.

இரண்டு நாளில் வெட்டி முடித்தார்கள். இருபது வருடமாக என் வயலில் வேலை செய்த ஒரு பெண் வெட்டிய அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இத யாரு சேர் வெட்டச் சொன்னது?"

"மேலிடத்து முடிவு."

"எங்கள ஒரு வார்த்த கேக்கலையே."

"இப்ப எல்லாம் அப்பிடித்தான் நடக்குது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் மேற்குத் துண்டு அடுத்த போகம் நன்றாக விளைந்தது.

மரங்கள் நின்ற இடத்தில் தளம் கட்டி முடிந்தது. அதில் நெல்லைப் பரப்பினால் மணிக்கொரு தடவையாவது கிளறவேண்டும். பெண்கள் வரிசையாக நின்று, கால்களை நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடப்பார்கள். கோடையில் வரும் சிறுபோக அறுவடை நேரத்தில் சீமெந்தில் வெறுங்கால் வைக்க முடியாது. செருப்பின் றப்பர் இளகிவிடும். பிள்ளைகளின் பழைய பாடசாலை மேசுகளை, அந்த வெள்ளைக் காலுறைகளை, இரண்டு மூன்றாகப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் அந்த வழியாகப் போனபோது ஒருத்தி கூப்பிட்டாள்.

"சேர், மேசு வெள்ளையா இருக்கோ பாருங்கோ. பிறகு பிரம்பெடுக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போனேன்.

நிழலுக்கு அவர்கள் ட்ரக்டர் பெட்டியின் பக்கத்தில் ஒதுங்கினார்கள். ட்ரக்டர் புறப்பட்டால் நிழலும் போய்விடும். அந்த ஆவணி மாதத்தில் வெக்கை அதிகம் என்று வானொலியில் நாளாந்தம் சொன்னார்கள். மத்தியானத்தில் வெளியே வேலை செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்கள். நான் விறாந்தையில் காற்றாடிக்குக் கீழே இருந்து கேட்டேன்.

மரங்களை யார் வெட்டச் சொன்னது என்று என்னிடம் கேட்ட பெண் தளத்தில் விழுந்தது அந்த மாதத்தில்தான். முதலில் சம்பந்தமில்லாமல் கதைத்தாராம். வேர்வை நின்றுவிட்டதாம். பெட்டியின் நிழலில் படுக்கவைத்தார்கள். சாரதிக்கு அடுத்த வயலில் வேலை இருந்தது. அந்தப் பெண்ணைத் தள்ளிக் கிடத்திவிட்டு ட்ரக்டரை எடுத்தார்கள். ஓட்டோ வரும்வரை அவர் வெயிலில் கிடந்தார். கிளிநொச்சிக்கும் பிறகு வவுனியாவுக்கும் கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இப்போது சொற்கள் அவருக்குத் தாமதித்துத்தான் வருகின்றன.

அவருடைய மகள் முன்பள்ளி ஆசிரியை. என்னிடம் படித்த பிள்ளை. தாய் வீட்டுக்கு வந்த பிறகு, வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பெண்களைக் கூட்டிக் கதைத்து, ஒரு மனுவுக்கு விஷயம் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை தளத்தில் வேலை நிறுத்தவேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், மரங்கள் திரும்ப நடவேண்டும். அடுத்த சிறுபோகத்துக்கு முன் இது நடக்காவிட்டால் இன்னொருத்தி விழுவாள் என்றாள். ஊரில் எந்த மனுவையும் எழுதுகிறவன் நான்தான். எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு.

அதைக் கொண்டு அலுவலகத்துக்குப் போனவள் அன்று பின்னேரமே திரும்பி வந்தாள். வந்து கதிரையில் இருக்கவில்லை. போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது உங்கட எழுத்துத்தானே சேர்?"

"ஓம்."

"உங்கட ஆக்கள்தானே மரம் வேண்டாமெண்டு எழுதித் தந்தது, பிறகென்ன நிழல் கேக்கிறீங்கள் எண்டு அங்க இருந்த ஒஃபிசர் ஃபைலைத் திறந்து காட்டினவர். நான் அதைப் படமெடுத்துக்கொண்டு வந்தனான்." அடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். "இது அம்மான்ர சைன். அவா எப்ப இதில வைச்சவா?"

அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கோட்டுக்கு மேலே நின்றன. முதியோர் வகுப்பில் அவருக்கு அதைப் பழக்கியவன் நான். பெருவிரல் அடையாளம் வைக்காமல் பெயரெழுதினால் ஒருவரும் ஏமாற்றமாட்டார்கள் என்று அந்த வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். வயலின் மேற்குத் துண்டையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவுமில்லை.

"எனக்குச் சொல்லி என்ன, சேர்? மண்டபத்தில சொல்லுங்கோ."

அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஐந்து நிமிடம் எடுத்தது. அமைப்பின் தலைவர் சிரித்தார்.

"மாஸ்டருக்கும் வெயில் பிடிச்சிட்டுது போல. தளம் எல்லாருக்கும் பொதுத்தானே, இப்ப ஏன் பழைய கதை?"

எங்கள் பக்கத்தவர்கள் சிரித்தார்கள். வாய்க்காலுக்கு அப்பால் உள்ளவர்கள் சிரிக்கவில்லை. பின் வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"இன்னும் எத்தின கடதாசியில எங்கட சைனைக் குத்தினீங்கள்?"

"இது ஒண்டுதான்."

"அதை நாங்கள் எப்பிடி நம்புறது?"

உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இரண்டு தாள்களும் சம்மதத்துக்கு வைத்தவை அல்ல, அவற்றைக் கோப்பிலிருந்து நீக்குங்கள் என்று என் பெயரில் அலுவலகத்துக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. செயலாளர் பதவியை விட்டேன். அது சரியான காரியம் என்று நினைத்தேன்.

ஆனால் நான் சொன்னதன் பிறகு சனங்கள் எதிலும் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை புதிய மனுவோடு வீடு வீடாகப் போனபோது படலையைச் சாத்தினார்கள். மாமி முறையான ஒருத்தி, "வாசிச்சுக் காட்டினாலும் வேண்டாமடி, பின்னால எதைக் குத்துவாங்களெண்டு ஆருக்குத் தெரியும்" என்றாளாம். பதினொரு கையெழுத்தோடு மனு நின்றது. சிறுபோக விதைப்பு தொடங்கிவிட்டது. அவள் என் படலையில் சைக்கிளை நிறுத்தினாள். இறங்கவில்லை.

"நீங்கள் பொய் சொல்லேக்கையும் எங்களுக்குத்தான் விழுந்தது. உண்மை சொல்லேக்கையும் எங்களுக்குத்தான் விழுது."

"நான் வேறை மாதிரி ஒண்டு எழுதித் தரட்டோ பிள்ளை?"

"வேண்டாம் சேர். பிழையெண்டாலும் நாங்களே எழுதுறம்."

எழுதினார்கள். பொது மனு இல்லை, தனித் தாளில் கையெழுத்தும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர், கொப்பித் தாளில், தங்களுக்குத் தெரிந்த மட்டில் எழுதி, அதே பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழே, இடைவெளி விடாமல் பெயரெழுதினார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள். ஒன்றில், மத்தியானத்தில எங்களால ஏலாது என்ற ஒரு வரி மட்டும் இருந்ததாம். வேறெதுவும் இல்லாமல் பெயர். அவர்கள் எல்லோருமாக வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போய், ஒவ்வொருவரும் தன் கடிதத்தைத் தானே மேசையில் வைத்தார்கள். நான் போகவில்லை. என்னைக் கூப்பிடவில்லை.

அறுவடைக்கு முன் ஒரு அறிவித்தல் பலகை வந்தது. பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை தளத்தில் வேலை இல்லை. ஒரு தண்ணீர்த் தாங்கியும் ஒரு தகரக் கொட்டிலும் வந்தன. மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே நெடுநேரம் இருக்க முடியாது. மரம் நடுவதைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

மேற்குத் துண்டில் நெல் விதைப்பதை நிறுத்தினேன். பன்னிரண்டு மருதங்கன்றுகள் நட்டேன். அந்தத் துண்டை இரு கரைக்கும் பொதுவாக எழுதிக் கொடுக்க விண்ணப்பித்திருக்கிறேன். குடியேற்றத் திட்டக் காணியாதலால் இழுபடுகிறது. ஐந்து கன்றுகள் நிற்கின்றன. இடுப்பளவு வந்திருக்கின்றன. அவற்றின் நிழலில் ஒருவர் இருக்கும் காலத்தில் நான் இருக்கமாட்டேன்.

மழைக்கோலமான நாட்களில் நெல்லுக்குச் சொந்தக்காரர்கள் பலகையைப் பார்ப்பதில்லை. கிளறச் சொல்லி ஆளனுப்புவார்கள். அதனால் அறுவடை நாட்களில் பதினொரு மணிக்குப் போய்க் கொட்டிலில் இருக்கிறேன். நான் இருந்தால் வேலை செய்யுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களில் சிலருக்குக் கூச்சம். பெண்கள் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. மேசுப் பகிடியும் இப்போது இல்லை.

போன மாதம் மண்டபத்தில் ஒரு கூட்டம். கடைசி வரிசையில் இருந்தேன். வரவுத் தாள் கடைசியாக என்னிடம் வந்தது. வாய்க்காலுக்கு அப்பால் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில், வரவு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண்ணும் மகளோடு வந்திருந்தார். அவருடைய வரியும் அதில் இருந்தது. கோட்டுக்கு மேலே, எழுத்துகள் தனித்தனியாக, வரவு மட்டும். அந்த இரண்டு சொற்களையும் அவருக்கு நான் பழக்கவில்லை.

கீழே என் பெயரை எழுதினேன். பக்கத்தில் அதையே எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.