பதினோராம் நம்பர் மலையில் விழுந்த விமானம்

இலங்கை மலையகத்தில், பெரகல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், வேலையை மேற்பார்க்கும் பீல்ட் ஒபிசராக நான் சேர்ந்து மூன்றாவது வாரம். தொண்ணூறுகளின் கடைசி. அன்று காலைதான் பதினோராம் நம்பர் மலையில், தேயிலையைக் கட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலை ஆரம்பித்திருந்தது. பாதி மலை மொட்டை. மீதியில் ஆளுயரச் செடிகள். அவற்றுக்குக் கீழே பாறைப் பள்ளம்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்தது. எங்கள் மலையைத் தாண்டுவதற்காக மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது. திடீரென்று அந்தரத்தில் தயங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெட்டாத தேயிலைக்குள் விழுந்துவிட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒரே பெட்ரோல் மணம். உள்ளே விமானி மட்டும்தான். நெற்றியில் இரத்தம், ஆனால் உயிர் இருந்தது. கதவைச் செடிகள் அடைத்திருந்தன. பெல்ட்டும் கழலவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் ஐயா அல்லவா, உத்தரவு போட்டேன். "கயிறு கொண்டாங்க! வால்ல கட்டி மேல இழுங்க!"

கவ்வாத்துக்காரர் முத்தையா குறுக்கே வந்து நின்றார். "இழுக்காதீங்க ஐயா. செடிதான் தாங்கிக்கிட்டு இருக்கு. அசைச்சா பள்ளத்துக்குப் போயிரும்."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"எந்தக் கெளை தாங்குது, எது சும்மா கெடக்குன்னு எங்களுக்குத் தெரியும். பீடி வச்சிருக்கவன்லாம் தூரப் போங்கடா!"

கிளை கிளையாகத் தொட்டுப் பார்த்தார். கதவை அடைத்தவற்றை மட்டும், கீழிருந்து மேலாக ஒரே வெட்டில், செடி அதிராமல் சீவினார். இறக்கைக்கு அடியில் இருந்ததில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கதவு திறந்ததும் அதே கவ்வாத்துக் கத்தியால் பெல்ட்டை அறுத்தார். பக்கத்து மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் ஓடிவந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்துத் தந்தார்கள். அவற்றில் விமானியைச் சுமந்துகொண்டு ரோட்டுக்கு ஏறினோம். லொறியில் கிடத்தியதும் அவர் சிங்களத்தில் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான், மலை முழுக்க ஒரே கூவல். நானும் கூவினேன்.

மறுநாள் விமானத்தை எடுக்க வந்தவர்கள், முத்தையா சொல்லச் சொல்லக் கேட்காமல், வாலில் கயிறு கட்டி இழுத்தார்கள். இறக்கை செடியை விட்டு விலகியது, கயிறு அறுந்தது, விமானம் பாறையில் விழுந்து சுக்குநூறானது.

"நல்ல வேளை முத்தையா, நேத்து நீங்க என் பேச்சைக் கேக்கல" என்றேன்.

சில மாதங்கள் கழித்து அந்த விமானி ஊன்றுகோலோடு, பண்டாரவளையில் வாங்கிய கேக்கோடு, முத்தையா குடியிருந்த லயத்தை, தொழிலாளர் வரிசை வீடுகளை, தேடி வந்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். மலை எதிரே வந்ததும் பயத்தில் விமானத்தின் பிடியைத் தன் பக்கம் இழுத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார். வேகம் குறைந்து, காற்று இறக்கையைத் தாங்காமல் விட்டுவிட்டது. இதை 'ஸ்டோல்' என்பார்களாம். மூக்கைத் தாழ்த்தினால் வேகம் திரும்பும். ஆனால் அதற்கு வேண்டிய உயரம் அங்கே இல்லை.

"பயத்தில் இழுத்துவிட்டேன் என்கிறார்" என்று முடித்தேன்.

"நம்ம ஐயாவும் அன்னைக்கு அதத்தான் செய்யச் சொன்னாரு" என்றார் முத்தையா. லயமே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, கத்தி பிடிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்த மலையிலும் நான் உத்தரவு போட்டதில்லை.