பச்சை குத்திய கை

எனக்கு அப்போது நாலு வயது. பொன்னேரியில் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, அம்மா பெண்கள் பள்ளி ஆசிரியை. இருவரும் காலையில் கிளம்பிவிட்டால் சாயங்காலம்வரை என்னைப் பார்த்துக்கொள்ள எங்களோடேயே ஒரு அக்கா இருந்தாள். கணவனையும் கைக்குழந்தையையும் ஒரே மாதத்தில் அம்மைக்குப் பறிகொடுத்தவள். இந்த வேலை போனால் அவளுக்கு அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைதான் கதி.

அவள் ஊட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அப்படிப்பட்டவளைக் கண்டு ஒரு திங்கட்கிழமை காலை வீறிட்டேன்.

"இன்னா நைனா, நான்தான்டா. பேஜாரு பண்ணாத, ஒரு வாய் வாங்கிக்க" என்றாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

காரணம் சின்னது. முந்தின நாள் சந்தையில் அவள் இடது முன்னங்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தாள். கை வீங்கி, கறுத்துப் பொருக்குத் தட்டி, தோலுக்குள் ஒரு பூரான் படுத்திருப்பதுபோல் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. அவளோ பெரியவர்கள் கண்ணில் படாமல் முந்தானையால் மூடி வைத்திருந்தாள்.

மூன்று நாள் விபூதி, தர்காவில் ஓதிய தண்ணீர், மிளகாய் சுற்றிப் போடுதல் எல்லாம் நடந்தன. நாலாம் நாள் அப்பா விசாரணையைக் கையில் எடுத்தார். சாட்சியின் வாயில் பதிலை ஊட்டக் கூடாது என்பது விசாரணையின் முதல் விதி. பிற்காலத்தில் நானும் எத்தனையோ விசாரணை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன்: பிள்ளைகள் விஷயத்தில் யாரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

"அக்கா உன்னைக் கிள்னாளா?"

தலையாட்டினேன்.

"எங்க?"

என் முன்னங்கையைத் தொட்டுக் காட்டினேன்.

"சத்தியமா கிள்ளல சாமி, என் கொயந்த மாதிரி..."

அவள் முடிப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை விலகியது. அங்கே இருந்தது என் பெயர். அதில் ஓர் எழுத்து தலைகீழாக இருந்தது.

அம்மா அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். "பெத்தவ நான் உயிரோட இருக்கேன்" என்றாள். பிறகு, தொழில் பழக்கத்தில், "எழுத்துகூடத் தப்பு" என்றாள்.

"சீட்டுல எழுதி வாங்கிக்கினு போனேம்மா. எனக்கு இன்னா, படிக்கவா தெரியும்?"

அவளை இனி வீட்டில் வைத்துக்கொள்ள அம்மா சம்மதிக்கமாட்டாள் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் பெயரை உடம்பில் எழுதிக்கொண்டவளை வேலையிலிருந்து நிறுத்த எந்த விதியும் இல்லை. பிள்ளையைக் கிள்ளியவளை நிறுத்தலாம். இருந்தாலும் நியாயஸ்தர். எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்டார்: "நிஜமாவே கிள்னாளாடா?"

அவள் என் எதிரே மண்டியிட்டாள். "இல்லன்னு சொல்லு நைனா" என்று என் கன்னத்தைத் தொட வந்தாள். வந்தது அந்தக் கை. இரண்டு முறை பலமாகத் தலையாட்டினேன்.

வெயில் ஏறுவதற்குள் துணிமூட்டையுடன் போய்விட்டாள். அன்று அழாமல் சாப்பிட்டேனாம். காரணம் உறுதியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் அம்மா லீவு போட்டுப் பிசைந்த சோற்றை ஒதுக்கிவிட்டு, அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். நான் வேண்டாம் என்றது அந்தக் கையை மட்டும்தான். அதை எங்காவது விட்டுவிட்டு அவள் திரும்பி வருவாள் என்று சாயங்காலம்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.