கீல் தாங்கிய கனம்

மானாம்பதியில் ஒரு விவசாயி வீட்டில் ஜன்னல் மாற்றினேன். கொத்தனாரும் நானும் பழைய சுவரை இடித்துப் புதுச் சட்டம் வைத்தோம். ஜன்னல் கதவு வேப்பம்பலகை. நல்ல கனம்.

“ஆசாரி, இந்தக் கீலு எவ்ளோ வெயிட் தாங்கும்?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“ஜன்னலத் தாங்கும் நைனா.”

“கணக்கு சொல்லு. இல்லன்னா தலைவாசல் கதவு உனுக்கு இல்ல. உத்திரமேரூர்லேர்ந்து வேற ஆள இட்டாருவேன்.”

அதுவரை யாரும் என்னை நம்பித் தலைவாசல் கொடுத்ததில்லை. அதற்காகத்தான் இந்த வேலையையே எடுத்தேன். எனக்குக் கணக்கு வராது. தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்றேன்.

கதவை வெளிப்பக்கம் திறந்து முனையில் கயிறு கட்டினோம். அரை மூட்டை நெல்லைத் தாங்கியது. முழு மூட்டை கட்டினோம். கயிறு அறுந்தது. நெல் கொட்டியது. கோழிகள் வந்தன.

“தோத்தது கயிறு. கீலு இல்ல. இது செல்லாது” என்றார்.

ஆள் தொங்கினால் கயிறு வேண்டாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர் எடை அவருக்கே தெரியாது. என் சைக்கிளில் உட்காரவைத்து ரைஸ் மில்லுக்குக் கூட்டிப்போனேன். மூட்டை நிறுக்கும் தராசில் எண்பத்திரண்டு. திரும்பி வந்து சோறு சாப்பிட்டார். எடை மாறியிருக்கும் என்றார். மறுபடி மில்.

“இன்னா நைனா, உமி நீக்கிக்கினு வந்தியா?” என்றார் மில்காரர்.

எண்பத்து மூன்று.

வேட்டியை மடித்துக் கட்டி, கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினார். அவர் மனைவி வெளியே வந்தார்.

“இன்னாய்யா, கொரங்காட்டம் தொங்கிக்கினு கீற?”

“சும்மா இரு. கணக்கு போட்டுக்கினு கீறோம். ஆசாரி, தாங்குதா?”

“தாங்குது நைனா.”

“நீயும் தொங்கு.”

தலைவாசலை நினைத்துக்கொண்டு தொங்கினேன்.

கீல் அசையவில்லை. சுவரில் கலவை காயவில்லை. சட்டம், கதவு, அவர், நான், எல்லாம் சேர்ந்து பக்கத்திலிருந்த எருக்குழியில் விழுந்தோம்.

படுத்தபடியே கதவை ஆட்டிப் பார்த்தார்.

“கீலு நல்லாத்தான் கீது. நீ எத்தினி கிலோ?”

“தெரியாது.”

“ஏந்திரு.”

எருவோடு மில்லுக்குப் போனோம். ஐம்பத்து நான்கு. இரண்டையும் கூட்ட இருவருக்கும் வரவில்லை. மில்காரர் கூட்டிச் சொன்னார், நூற்று முப்பத்தேழு.

மறுநாள் தலைவாசலுக்குப் பலகை வந்து இறங்கியது. ஜன்னல் ஒரு மாதம் ஓட்டையாகவே கிடந்தது. கொத்தனார் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.